முகம் இல்லாத மூன்று நிமிடம்

டக்...

சத்தம் கேட்ட பிறகுதான் ஷெமி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

கிழக்கேகோட்டையிலிருந்து புறப்பட்ட பாறசாலை பஸ். இடவப்பாதிப் பருவமழைக்குப் பயந்து எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரக்குடையும் ஈரத்துணியுமாக ஒரே புழுக்கம். கையை அசைக்க இடமில்லாமல், சாஃப்ட்பால் பேட்டைத் தோளோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். திரும்பினாள். அவ்வளவுதான்...

பின்னால் நின்றவன் நெற்றியை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தான். இன்னொரு கை, நெஞ்சில் தொங்கிய கறுப்புப் பையைக் கட்டிப்பிடித்திருந்தது.

"அய்யோ சேட்டா... பாக்கல்ல. வலிக்குதா?"

"பின்ன வலிக்காதா? இது என்னது பிள்ளே, உலக்கையா?"

"பேட்டு. சாஃப்ட்பால் பேட்டு."

"பேருல மட்டும் சாஃப்டு வச்சிருக்காவ போல."

சிரிப்பு வந்தது. அடித்தவள் சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அடி தலையில. நீங்க பையப் பிடிச்சிட்டு நிக்கியளே?"

"தலை ஒடஞ்சா ஆசுபத்திரியில தச்சுத் தருவாவ. கேமரா ஒடஞ்சா கல்யாண வீட்டுக்காரன் எனக்க தலைய ஒடப்பான்."

அவன் கண்ணைப் பார்த்தாள். வலியில் லேசாக நீர் கோத்திருந்தது... அதற்குள்ளே ஒரு குறும்பு. எப்படி முடிகிறது இவனுக்கு? சட்டென்று பார்வையை மழை ஒழுகுகிற ஷட்டருக்கு மாற்றிக்கொண்டாள்.

அவன் பெயர் அஜீஷ். கிழக்கேகோட்டையில் ஒரு மாடியறையில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். அடுத்த வாரம் அவளுடைய சித்தப்பா மகள் பிரிஸில்லாவின் கல்யாணத்துக்கும் அவன்தான் கேமரா. பாறசாலை போய்ச் சேர்வதற்குள் இதெல்லாம் தெரிந்துவிட்டது. அவளைப் பற்றியும் கொஞ்சம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிற ஞானதாஸின் ஒரே மகள். கடைசி வருடப் படிப்பு. கல்லூரி அணியில் இருக்கிறாள்... ஆனால் அடிக்கிற பந்து எதுவும் தூரம் போவதில்லை.

"அப்பா ஒரு வாக்கு தந்திருக்காவ. ஸ்டேட் டீம்ல பேரு வந்தா, விளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு எழுதிப் போடலாம். ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டாவ."

"வரல்லன்னா?"

"ஓணம் கழிஞ்சதும் நாகர்கோவிலு. மாப்பிள்ளையும் பாத்தாச்சு." விளையாட்டுப் போலச் சொல்லிவிட்டாள். ஆனால் குரல் நடுவில் கொஞ்சம் உடைந்தது. அவன் அதைக் கேட்டுவிட்டான்.

"நான் ஒருக்க வீடியோ எடுத்துப் பாக்கவா? கல்யாணத்துல மாமியாருக்க மொகம் எந்த நேரம் கோணிச்சுன்னுகூட நிறுத்திக் காட்டிருவேன். ஒனக்க அடியில என்ன கொறன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

*

அவள் கையில் நாலு தாள் இருந்தது. வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றின் ஜெராக்ஸ். பேட் பிடித்த ஒரு பெண்ணின் படம், அவள் இடுப்பைச் சுற்றி வட்டமாக அம்புக்குறிகள். பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தது வேறு. முன்காலை எட்டி வை, எடையை முன்னால் போடு, கையைப் பந்தை நோக்கி விடு. இந்தத் தாளோ முன்கால் ஊன்றி நிற்கட்டும், முதலில் இடுப்பு சுழலட்டும் என்றது. தோள் அதன் பின்னால். கை கடைசியில். கதவு கீலில் திரும்புவது போல, உடம்பு நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும். படித்தால் புரிகிறது. பேட்டைப் பிடித்தால் கால் தானாக முன்னே ஓடிவிடுகிறது.

காலை ஆறரை மணிக்குக் கல்லூரி மைதானம். தோழி ஜானவி பந்து வீச, அஜீஷ் மண்டிபோட்டு எடுத்தான். ஜானவி கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பெண். வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, நீ பந்தை அடிக்கறயா, இல்ல அதுக்கு வழி விடறயா?"

சாயங்காலம் ஸ்டுடியோவில் மூன்று பேருமாகப் பார்த்தார்கள். படம் நின்று நின்று நகர்ந்தது.

"பாரு ஷெமி. கை போய்ச் சேந்தாச்சு. அதுக்குப் பெறகுதான் இடுப்பு எழும்பி வருகு... பந்தி முடிஞ்சு வந்த விருந்தாளி மாதிரி."

ஜானவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஷெமிக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அன்னைக்கு பஸ்ஸுல நீ என்னை எப்பிடி அடிச்சா? கைய வீச எடமே இல்ல. உடம்புதான் திரும்பிச்சு, பேட்டு கூட வந்துச்சு. அதே மாதிரி செய். எனக்க நெத்தி சாட்சி."

பேட்டைத் தோளோடு ஒட்டிப் பிடித்தாள். பஸ் நெரிசலை மனதில் கொண்டுவந்தாள். நூறு தடவை, இருநூறு தடவை... கையை மறந்தாள். ஒருநாள் காலை பந்து பேட்டில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. பந்து மைதானத்து மதிலைத் தொட்டுவிட்டு விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது, அவன் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது... அந்த நிமிடத்தோடு கதை முடிந்திருந்தால், என் கண்ணுகளா, எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

*

கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமரா கேசட்டில் மிச்சம் இருக்கிற இடத்தை வீணாக்கமாட்டார்கள். பிரிஸில்லா கல்யாணக் கேசட்டின் கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அஜீஷ் ஷெமியின் பயிற்சியை அதில்தான் எடுத்திருந்தான். பிறகு கல்யாண வீட்டுக்குப் பிரதி எடுக்கும்போது, மூன்று மணி நேரம் ஓடுகிற மெஷினைப் போட்டுவிட்டு, கல்யாணம் முடிகிற இடத்தில் நிறுத்த நிற்காமல், இன்னொரு கல்யாணத்துக்கு ஓடினான். ராத்திரி வந்து, நின்றிருந்த கேசட்டை எடுத்து, போட்டுப் பார்க்காமலே பெட்டியில் வைத்துக் கொடுத்தும்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் சித்தப்பா வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். மோதிரம் மாற்றியது, கேக் வெட்டியது, மாப்பிள்ளை கார் கிளம்பியது... எல்லாம் முடிந்தது. திரை கறுத்தது. சித்தி எழுந்து நிறுத்தப் போனாள்.

சட்டென்று திரை முழுக்க ஒரு பெண்ணின் இடுப்பு.

முகம் இல்லை. நெஞ்சுக்குக் கீழே, முட்டிக்கு மேலே. அது திரும்பியது. மறுபடி திரும்பியது. ஒரு ஆணின் குரல் கிட்டத்தில் கேட்டது. "கொள்ளாம்... இடுப்ப மட்டும் திருப்பு பிள்ளே... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்பிடித்தான்."

நிறுத்தப் போன சித்தி பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

"இந்தப் பச்சைப் பட்டை போட்ட பேண்ட்டு... நம்ம ஷெமிக்கது இல்லியா?" என்றாள் பெரியம்மை.

மூன்று நிமிடம் ஓடியது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. நிறுத்தியது ஞானதாஸ்தான். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். சாப்பிடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

ஷெமிக்குத் தன் உடம்பையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. படம் எடுக்க அவள்தான் சம்மதித்தாள். ஆனால் இப்படியா? ஸ்டுடியோவில் கைவேறு கால்வேறாகப் பார்த்தபோது எதுவும் உறைக்கவில்லை. மூன்று நிமிடம்... ஒரு தடவைகூட முகம் வரவில்லையே. அப்படியென்றால் அவன் இத்தனை நாளாக என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

மறுநாள் அஜீஷ் வந்தான். குடையில்லாமல் முற்றத்தில் நின்றான். மூல கேசட்டை உடைத்து, நாடா முழுவதையும் வாரிவாரி வெளியே இழுத்துச் சேற்றில் போட்டான்.

"வேற பிரதி இல்ல மாமா. சித்தப்பா வீட்டுலயும் அழிச்சாச்சு. தப்பு எனக்கது. பிள்ளைக்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஞானதாஸ் அந்த நாடாவைப் பார்த்தார். "படம் போயிட்டு. ஊருக்க வாயில உள்ளத நீ எப்பிடிடேய் இழுத்து வெளிய போடுவா?"

பிறகு உள்ளே போய்விட்டார்.

ஷெமி வாசலுக்கு வந்தாள். "இனி இங்க வராண்டாம். மைதானத்துக்கும் வராண்டாம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்று அழுதாள். அவனுக்காகவா, அப்பாவுக்காகவா... அவளுக்கே தெரியவில்லை.

*

மாநில அணித் தேர்வு அன்று அப்பா போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பதினோரு நாளாக அவளிடம் எதையுமே சொல்லவில்லை. அம்மா தாசம்மாள்தான் சோற்றுப் பொதியைக் கையில் திணித்து, "செணம் போயிட்டு வா மக்கா, நேரமாவுது" என்றாள்.

ஆளுக்கு ஆறு பந்து.

முதல் பந்து... இடுப்பு அசையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது அசையவே இல்லை. திருப்ப நினைத்தால் போதும், நாற்பது பேர் கண்ணும் வந்து அங்கே ஒட்டிக்கொண்டுவிடும். கால் பழையபடி முன்னே ஓடியது. பந்து காலடியில் உருண்டது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... எல்லாம் அப்படியே. அதிகாரி ஒருவர் தாளில் ஏதோ குறித்தார்.

ஐந்தாவது பந்துக்கு முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது. எனக்க இடுப்புதானே? நான் படிச்ச வித்தை அதுல தானே இருக்கு? இதுல நான் என்ன களவு செஞ்சேன்?

திரும்பினாள். முழுதாகத் திரும்பினாள். பந்து மதிலைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. ஆறாவது அதற்கும் அப்பால்.

கைதட்டினார்கள். ஆனால் ஆறில் இரண்டு. நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பதினாறு பெயர். மூன்று தடவை படித்தாள். ஜானவி இருந்தாள். ஷெமி இல்லை.

ஜானவி கட்டிப்பிடித்தாள். "அழாதேடி..." என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் அஜீஷ் நின்றிருந்தான். கையில் கேமரா இல்லை.

"வராண்டாம்னு சொன்னேனே."

"மைதானத்துக்கு வரல்ல. ரோட்டுலதான் நின்னேன். ரெண்டு பந்து வந்து விழுந்துச்சு... பாத்தேன்."

"பேரு வரல்ல."

"தெரியும். ஒனக்க நடையப் பாத்தாலே தெரியுது."

மழை வலுத்தது. இருவரும் ஒரே கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். இத்தனை நாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததை அவள் கேட்டேவிட்டாள்.

"மூணு நிமிசம்... ஒருக்ககூட எனக்க மொகத்த எடுக்கல்லியே, ஏன்? நான் ஒங்களுக்கு அவ்வளவுதானா?"

அவன் ஒழுகுகிற கூரை நுனியைப் பார்த்தபடியே பேசினான்.

"எத்தனையோ கல்யாணம் எடுத்தாச்சு. எல்லாத்துலயும் பொண்ணுக்க மொகத்தத்தான் எடுக்கணும். அது ஜோலி, கை அசையாது. ஒனக்க மொகத்துல கேமராவ வச்சா... கை நடுங்குது பிள்ளே. படம் ஆடிப்போவும். மொத நாளு எடுத்தது முழுக்க அப்பிடித்தான் பாழாச்சு. படிக்க வந்த பிள்ளைக்குப் படம் தெளிவா வேணுமே... அதனாலதான் கீழ எறக்கினேன்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் கண்ணீரா மழையா... குரல் மட்டும் வெளியே வந்தது.

"நமக்குள்ள என்னமோ இருக்குன்னு ஊரு பேசுகது பொய்யாச்சேன்னுதான் இத்தன நாளும் அழுதேன். இப்பம் அது பொய்யில்லன்னு அப்பாட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கண் கலங்கியது.

"நானும் வாறேன். சேந்து சொல்லுவோம்."

"அடிப்பாவ."

"அடிக்கட்டு. வாங்கிக்கிடுகேன்."

"அழுவாவ."

பாறசாலை பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. அவள் முதலில் ஏறினாள்... ஏறிவிட்டு, அவன் ஏறுகிறவரை படியிலேயே நின்றாள்.