குழலைக் காணோம்

எங்கள் வீட்டில் ஒரு புல்லாங்குழல் திருடு போய்விட்டது. அப்பா அப்படித்தான் சொன்னார். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் புல்லாங்குழலே கிடையாது. திருடு போனது பாட்டுக்குள் இருந்த குழல்!

நான் நாகஜோதி. ஆறாம் வகுப்பு. நாங்கள் இருப்பது பாளையம்பட்டி. அப்பா கருத்தப்பாண்டி அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். தறிகள் நாளெல்லாம் தடதடவென்று ஓடும். அங்கே பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டிலும் கத்துவார். 'குழம்புல உப்பு கூட' என்று அவர் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அப்பாவுக்குப் பாட்டு என்றால் உயிர். போனில் கேட்டால் பிடிக்காது. "தகர டப்பாவுக்குள்ள கொசு கத்துற மாதிரி இருக்கு" என்பார். இந்தத் தீபாவளிக்கு, ராஜகுரு மாமாவின் பழைய சாமான் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கி வந்தார். ஆம்ப்ளிஃபயருக்கு என்னைவிட வயது அதிகம். கனமோ கனம்.

"நான் மாவாட்டக் கிரைண்டர் கேட்டேன். இவரு பாட்டுப் பாட மெஷினு வாங்கிட்டு வாராரு" என்றாள் அம்மா.

அப்பா காதில் வாங்கவில்லை. பெட்டிகளை இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக வைத்தார். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஜோதி, இந்தப் பாட்டுல இடது பக்கம் குழலு வரும், வலது பக்கம் வீணை வரும். ரெண்டும் பேசிக்கிற மாதிரி இருக்கும். கேளு!"

பாட்டு ஓடியது. அப்பாவின் முகம் சுருங்கியது.

"குழலைக் காணோமே?"

"நல்லா கேக்குதேப்பா!"

"எங்க கேக்குது ஆத்தா? இந்த இடது பெட்டி செத்துக் கிடக்கு."

அன்றே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ராஜகுரு மாமா ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, தூசி துடைத்து, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் பாடியது. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் குழலைக் காணோம்.

சனிக்கிழமை அப்பா கடையில் சண்டையே போட்டுவிட்டார். நானும் கூட இருந்தேன்.

"ஓட்டைச் சாமானை என் தலையில கட்டிட்டீக அண்ணாச்சி! என்னையச் செவிடன்னு நெனச்சீகளா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜகுரு மாமாவின் முகம் செத்துவிட்டது.

"நாளைக்குக் கொண்டாந்து குடுத்துட்டுப் பணத்தை வாங்கிக்கோ பாண்டி. ஆனா அதுக்கப்புறம் இந்தக் கடைப்பக்கம் வராத" என்றார்.

எதுவும் வாங்காமல் அப்பா மணிக்கணக்காக நின்று பாட்டுக் கேட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் அவர். அவரா ஏமாற்றுவார்? குழல் சத்தம்தான் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே!

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "யப்பா, திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி பெட்டிகளை இடம் மாத்திப் பாப்போமா?"

இடது பெட்டியை வலது பக்கமும் வலது பெட்டியை இடது பக்கமுமாக மாற்றி வைத்தோம். பாட்டைப் போட்டேன். அப்பா துள்ளி எழுந்தார்.

"குழலு வந்துருச்சு!" உடனே மறுபடி முகத்தைச் சுளித்தார். "இப்ப வீணையைக் காணோம்."

எனக்குக் குழப்பமாக இருந்தது. செத்துப்போன பெட்டி எப்படிப் பாடுகிறது? நன்றாகப் பாடிய பெட்டி எப்படிச் செத்தது?

அப்பா இடது மூலையையே முறைத்துப் பார்த்தார். "அந்த மூலைதான் சரியில்ல. வாஸ்து கோளாறு."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டென்று நின்றுவிட்டது. கோளாறு மூலையிலா? இல்லை வேறு எங்காவதா?

"யப்பா, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க. முதுகைக் காட்டி."

"எதுக்குத்தா?"

"சும்மா உக்காருங்களேன்."

உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. பெட்டிகளை நான் தொடவே இல்லை.

"ஏ ஜோதி, வீணை வந்துருச்சு! குழலு போயிருச்சு! என்னத்தா செஞ்ச?"

நான் அப்பாவின் இடது காதையே பார்த்தேன். என் முகத்தைப் பார்த்த அப்பாவின் சிரிப்பு மெல்ல மறைந்தது. வலது காதைக் கையால் பொத்தினார். எடுத்தார். மறுபடி பொத்தினார். பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். "நான் இடது பக்கம் நின்னு எத்தனை தடவை கூப்பிட்டுருப்பேன். வேணும்னே கேக்காத மாதிரி இருக்கீகன்னு வஞ்சேனே" என்றாள்.

வேலை செய்யும் இடத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் ஓடுவது பழைய தறி. அதுதான் தறிக்கூடத்திலேயே அதிகச் சத்தம் போடும் தறி. அது அப்பாவின் இடது காதையே தின்றிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தறியை அடித்து நொறுக்க வேண்டும்போல எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் அப்பாவும் நானும் வெறுங்கையோடு கடைக்குப் போனோம். கடையில் கூட்டம். அப்பா தலையைக் குனிந்து நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. நானே முந்திக்கொண்டு, "மாமா, நான்தான் ஒயரைத் தப்பா மாட்டிட்டேன். இப்ப சரியாயிருச்சு" என்றேன்.

"பிள்ளை பொய் சொல்லுது அண்ணாச்சி" என்றார் அப்பா. வழக்கம்போலக் கத்தித்தான் சொன்னார். கடை முழுக்கக் கேட்டது. "உங்க சாமான் நல்லாத்தான் இருக்கு. போனது என் காது. நேத்து நான் பேசுனதை மன்னிச்சிருங்க."

ராஜகுரு மாமா கல்லாவை விட்டு எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, குழலும் வீணையும் ஒரே பெட்டியில சேந்து வர வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "முடியும் பாப்பா. ஆம்ப்ளிஃபயர் முன்பக்கம் மோனோன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு, அதை அமுக்கு."

அன்று சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் அப்பாவின் வலது பக்கமே வைத்தேன். பட்டனை அமுக்கினேன். குழலும் வந்தது, வீணையும் வந்தது. "ரெண்டும் ஒரே வாசல் வழியா வருது. முன்ன மாதிரி இல்ல" என்றார் அப்பா. ஆனாலும் கடைசி வரைக்கும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். போன காது திரும்பாது, இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். தறி வேலையை விடுங்கள் என்றும் சொன்னார்கள். வேறு வேலை யார் தருவார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். நான் பஞ்சை உருட்டிக்கொண்டு வாசலை மறித்தேன்.

"வேணாம்த்தா. பஞ்சு வச்சா நூல் அறுந்து போற சத்தம் கேக்காது. துணி பாழாயிரும். ஓனர் வைவாரு."

நான் நகரவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து வலது காதைக் காட்டினார். நான் பஞ்சை நன்றாக அமுக்கி வைத்தேன்.

"ஓனர் வஞ்சா என்னப்பா செய்வீக?" என்று கத்திக் கேட்டேன்.

"வையட்டும்" என்றார் அப்பா. "எனக்குத்தான் கேக்காதே!"