செத்த அச்சுப்பொறிகளின் ஊர்வலம்

தணிகாசலத்தின் மகள் நிச்சயதார்த்தத்துக்கு, மாப்பிள்ளை வீட்டாரையும் முந்திக்கொண்டு ஒரு கிழட்டு நகலெடுப்பான் வந்து சேர்ந்தது. வழியெல்லாம் கறுப்பு மையைக் கழிந்துகொண்டே உருண்டு வந்து, மாக்கோலத்தின் நடுவில் சப்பென்று உட்கார்ந்தது. வயிற்றுக்குள் எலி செத்த நாற்றம். அதன் பின்னால் அச்சுப்பொறிகள், தெருமுனை வரைக்கும்.

அலுவலகங்களில் செத்துப்போகும் இயந்திரங்களைச் செய்தவரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததும், எல்லாவற்றுக்கும் 'தாய்தேடி' பொருத்திவிட்டார்கள். உயிர் போனதும் இயந்திரம் தன் உடம்பில் இருக்கும் பெயரைப் படிக்கும். அந்தப் பெயர்க்காரர் வாசலுக்குப் போய் நிற்கும். அச்சுப்பொறித் தொழிற்சாலை முதலாளி தணிகாசலம் லேசுப்பட்டவரா? விற்கிற சரக்கிலெல்லாம் கம்பெனிப் பெயரைச் சுரண்டச் சொல்லிவிட்டார். பெயரில்லாப் பிணங்கள் வாங்கியவர்களின் கொல்லையிலேயே கிடந்து நாறின.

"அப்புறம் இந்தக் கழிசடையெல்லாம் ஏன்யா இங்க வருது?" மூக்கைப் பொத்திக்கொண்டு மேலாளர் தனபாலிடம் சீறினார்.

"ஆர்டர் பிடிக்க ஆபீஸ் ஆபீஸா சும்மா குடுத்தோமே சார், அந்த மிஷினுங்க. கம்பெனி பேரு இல்லதான். நீங்கதான் 'உபயம்'னு போட்டு உங்க பேரை எழுதச் சொன்னீங்க. கோயில் டியூப்லைட்டுல வெளிச்சம் வராத அளவுக்கு எழுதுவாங்களே, அந்த சைஸுல."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து, கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தபடி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டதால் பொறுத்துக்கொண்டார்கள். சம்பந்தி உலகநாதன் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அச்சுப்பொறியின் உப்பிய மின்கலம் வெடித்து, அழுகிய முட்டை வாடையுடன் கேசரியில் தெறித்தது.

நகலெடுப்பான் கூடத்துக்குள் நகர்ந்து வந்தது. "தணிகாசலம் என்பவர் நீங்கள்தானே?"

தணிகாசலம் கூடத்தைப் பார்த்தார், கேசரியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்ல."

நகலெடுப்பான் சற்று யோசித்தது. மையை ஒருமுறை கொப்பளித்துவிட்டு மிச்சத்தையும் படித்தது. "'மற்றும் குடும்பத்தினர்' என்று போட்டிருக்கிறது. அவர்களாவது இருக்கிறார்களா?"

அத்தனை இயந்திரங்களும் ஜமக்காளத்தின் பக்கம் திரும்பின.

உலகநாதன் தட்டை மெல்லத் தரையில் வைத்தார். "இன்னும் தட்டு மாத்தலீங்க," என்றார் நகலெடுப்பானிடம், வெகு பணிவாக. "நாங்க வேத்து ஆளுங்க."