ஏறியாச்சு, போடுங்க

அந்தப் பழைய ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த லிஃப்டை ஓட வைக்க நானும் மாப்பிள்ளையும் போனபோது பகல் பதினொரு மணி. மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். தங்கைக்கு இது ஏழாம் மாதம்.

அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்ததே அது ஒன்றுதான். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கிய ஆள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காமல் நான் மெயின் ஸ்விட்சைப் போடமாட்டேன். அதற்காக ஐந்து மாடியும் இறங்கி ஏறுவேன்.

"உங்களுக்கு நிழலைப் பாத்தாலே நடுக்கம் மச்சான்," என்று சிரித்துவிட்டு அவர் குழிக்குள் இறங்கினார். லிஃப்ட் பெட்டி அவர் தலைக்கு மேலே, இரண்டாம் மாடியில் நின்றிருந்தது. நான் உச்சியிலிருந்த மோட்டார் அறைக்கு ஏறினேன்.

உள்ளே ஈரத்துணி வாடை. கொஞ்ச நேரத்தில் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"ஏறியாச்சு மச்சான். போடுங்க."

மாப்பிள்ளையின் குரலேதான். கை ஸ்விட்ச் வரை போய்விட்டது. ஆனால் கண்ணால் பார்க்கவில்லையே. என்னையே திட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

மூன்றாம் மாடியில் மறுபடியும்.

"எவ்வளவு நேரம்? போடுங்க."

இரண்டாம் மாடியில், மிக மெல்ல:

"ஏன் இறங்குறீங்க?"

ஓடினேன்.

மாப்பிள்ளை குழிக்குள் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வாக்கி அணைந்தபடி மேலே கதவோரம் கிடந்தது.

"நான் எதுவும் பேசலையே."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஏணியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பயந்து பழகாத மனிதர். வந்த பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அது அன்றாட வேலை.

"பயமாத்தான் இருக்கும். எனக்கும்தான். இருந்துட்டுப் போகட்டும். மூச்சை விடுங்க. இடது காலை மட்டும் தூக்குங்க."

ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி ஏற்றினேன். வெளியே இழுத்துப் போட்ட மறுகணம், உச்சியில் யாரோ மெயினைப் போடும் சத்தம்.

பெட்டி சரசரவென்று இறங்கிக் குழியை அடைத்து நின்றது.

சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க."

எழுந்தேன். மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க மச்சான்."

பாவமாக இருந்தது. அவருக்காகப் போய்ப் பார்த்தேன்.

அடுப்படியில் விளக்கே போட்டிருக்கவில்லை.

வாசல் கதவைத் திறந்துகொண்டு தங்கை உள்ளே வந்தாள். "அங்க யாரைத் தேடுற அண்ணா? நான் இப்பதானே வரேன்."