பின்னால் பூட்டியிருப்பது

காலையில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் திரும்பும்போதுதான் யோசெப்பின் அதைக் கவனித்தாள். சிக்னல் போட்டால் டக்... டக்... என்று சாவகாசமாக அடிக்கும் பழைய மொரிஸ் மைனர், இன்று டக்டக்டக் என்று பதறியது. காரை வாங்கி இரண்டு கிழமைதான்.

வேலை முடிந்ததும் ஜாபிரின் கராஜுக்குக் கொண்டுபோனாள். அவர் டாஷ்போர்டுக்கடியில் கைவிட்டுச் சின்னத் தகர டப்பியொன்றைக் கழற்றினார்.

"இதுதான் மிஸ் ப்ளாஷர். உள்ளுக்கு ஒரு கம்பி ஈக்குது. கரண்ட் ஓடினா சூடாகி விட்டுரும், ஆறினா திரும்பப் புடிக்கும். அதான் அந்தச் சத்தம். பல்பு ஒண்டு போனா மெதுவாத்தான் அடிக்கும். இப்பிடி அவசரமா அடிக்கிறதெண்டா கூடுதலா பல்பு ஈக்கோணும்." காரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "பின்னுக்கு ட்ரெய்லர் ஏதும் பூட்டினீங்களா?"

"இல்லையே."

"அப்ப சாமான் பழசு."

புதியதைப் பூட்டினார். சத்தம் நிதானமானது.

வெள்ளவத்தையில் மகள் லவினாவுக்கு டியூஷன் முடியும் நேரம். மழை பிடித்துவிட்டது. பஸ்களின் டீசல் புகையும் நனைந்த சீற்றின் புளித்த மணமும் உள்ளே தேங்கிக் கிடக்க, வைப்பர் கிறீச்சிட்டபடி இழுபட, காலி வீதியில் ஊர்ந்துகொண்டிருந்தவள் பம்பலப்பிட்டி தாண்டி வலப்பக்கம் ஒதுங்கச் சிக்னல் போட்டாள்.

டக்டக்டக்டக்.

கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு பஸ் நீளத்துக்கு வெறும் தார். அதற்கப்பால்தான் மற்ற வாகனங்கள். கையகல இடைவெளியிலும் மூக்கை நுழைக்கும் ஆட்டோக்கள்கூட அதற்குள் வரவில்லை. வேகத்தைக் கூட்டினாள். அந்த இடைவெளியும் கூடவே வந்தது. அங்கே தாரில் மழை தெறிக்கவில்லை.

கடல் பக்க ஒழுங்கைக்குள் திரும்பும்போது கார் கனத்து முனகியது. கிளச் கருகும் வாடை.

டியூஷன் வாசலில் லவினா குடையோடு நின்றாள்.

"ஏறும்மா, கெதியா!"

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா, அவங்க எனக்கு இடம் விட்டுத் தாறாங்க."

"யாரு?"

லவினா ஜன்னலைக் கடந்து நடந்தாள். கண்ணாடியில் தெரிந்தாள். குடையை விட்டாள். குனிந்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

கதவு சாத்தும் சத்தம்.

யோசெப்பின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினாள். ஒழுங்கையில் யாருமில்லை. மல்லாந்த குடை மட்டும். காரின் விளக்குகள் அணைந்திருந்தன.

ஆனாலும் மதிலில் செம்மஞ்சள் வெளிச்சம். விழுந்தது. அணைந்தது. விழுந்தது.

வெளிச்சத்தில் நிழல்கள். வரிசையாக. நெருக்கியடித்து உட்கார்ந்தபடி.

கடைசி நிழல் சின்னது.

அது கையசைத்தது.