முதற்பனிச் சரிவு

இமயத்தின் சிகரங்களில் படிந்திருந்த அந்திச் செம்மை மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. தேவதாரு மரங்களின் நிழல்கள் நீண்டு பள்ளத்தாக்கை மூட, ஆற்றின் ஓரங்களில் பனிக்கட்டி படரத் தொடங்கிய அந்த வேளையில், தென்னாட்டு வேந்தரின் கயற்கொடி குளிரில் விறைத்துக் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. எதிர்ச்சிகரத்துப் பாறையில் வேந்தரின் சின்னத்தைப் பொறித்துவிட்டுத் திரும்பவேண்டும் என்பது படைக்கு இடப்பட்ட ஆணை. இடையில் கிடந்தது ஒரே ஒரு வெண்சரிவு. மறுநாள் காலை அதைக் கடக்கவேண்டிய முன்னணி வீரர் இருநூற்றுவருக்கும் தலைவன், கொற்கைப் பட்டினத்துக் கீரன்.

அவன் அந்தச் சரிவின் ஓரத்தில் வழிகாட்டிப் பெண் லோகிதாவோடு நின்றிருந்தான். தென்னாட்டு யாத்திரிகர்களோடு பழகித் தமிழ் கற்றவள் அவள். பத்து நாட்களாக அவள் காட்டிய வழியில் நடந்தவன், வழியைவிட அவளையே அதிகம் பார்த்தான் என்பதை வாசகர்களிடம் நாம் மறைப்பானேன்?

லோகிதா முழங்கால் ஆழத்துக்குப் பனியை வெட்டினாள். மேலடுக்கு பலகையாய்ப் பெயர்ந்தது. அடியிலிருந்து அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது ஒட்டாமல் கல்லுப்பாக விரலிடுக்கில் உதிர்ந்தது.

"இது ஐப்பசித் தொடக்கத்தில் பெய்த முதற்பனி, தலைவரே. பிறகு இருபது நாள் வானம் தெளிந்து, குளிரில் கிடந்து இப்படியாகிவிட்டது. மேலே இருப்பது நேற்றுக் காற்று கொண்டுவந்து அடைத்தது. இரண்டுக்கும் பிடிப்பே இல்லை."

"இவ்வளவு குறைந்த பனியா ஆபத்து?"

"குறைவாகப் பெய்ததால்தான் அடிப்பனி இப்படிக் கெட்டது. ஒருவர் கரை சேர்ந்தபின் அடுத்தவர் இறங்கட்டும். கூட்டமாக இறங்கினால் ஒருவரும் மிஞ்சமாட்டீர்கள்."

கீரன் நேரே சேனாபதி எயினங்கோவின் பாசறைக்குச் சென்று அவள் சொன்னதை எடுத்துரைத்தான். எயினங்கோ கோழையல்லர், எப்போதும் முதல் வரிசையில் நடப்பவர். ஆனால் தோளோடு தோள் உரச அணிவகுத்துச் செல்வதே அந்தப் படையின் மானம். அணி கலைந்தவனுக்கு அவர்கள் ஊரில் பெண்கொடுக்கவும் மாட்டார்கள்.

"முழங்கால் பனிக்கு அஞ்சி ஒவ்வொருவராய் ஊர்ந்து போவதா? புறமுதுகிட்டோர் செய்யும் வேலை அது. ஒற்றை ஒற்றையாய்ப் போனால் பாறைக்குப் பின்னிருந்து அம்பெய்ய எவனுக்கும் எளிது. அந்தப் பெண்ணின் எண்ணமும் அதுவாக இருக்கலாம்."

"அப்படியானால் நான் முதலில் தனியே கடக்கிறேன், சேனாபதி. சரிவின் நிலையைப் பார்த்துவிட்டுத் தாங்கள் முடிவுசெய்யுங்கள்."

"ஆகட்டும்" என்றார் எயினங்கோ.

தனியே கடக்கிறேன் என்று ஏன் சொன்னோம் என்று கீரன் ஆயுள் முழுதும் வருந்தினான்.

காலையில் லோகிதா முன்னே கடந்தாள். பின்னர் அவன் கடந்தான். சரிவு அசையவில்லை. எதிர்க்கரையில் கால்வைத்துத் திரும்பிய கீரன் திடுக்கிட்டான். ஒருவன் கடந்துவிட்டதே போதிய சான்றென்று கருதிய எயினங்கோ, இருநூறு பேரையும் அணிவகுத்து இறக்கிக்கொண்டிருந்தார். கீரன் தொண்டை கிழியக் கத்தினான். எதிர்க்காற்று அவன் குரலைத் திருப்பி அவன் மீதே வீசியது.

அவர்கள் நடுச்சரிவுக்கு வந்தபோது தரைக்குள் தொம்மென்று ஓர் ஓசை எழுந்தது. மேலே வெண்மையில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது. அடுத்த கணம் மலைச்சரிவு முழுவதும் பலகை பலகையாய் உடைந்து இறங்கிற்று. வெண்புகை அடங்கியபோது அங்கே அணியும் இல்லை, கொடியும் இல்லை. கீரனுக்கு அழக்கூட வரவில்லை. பெயர் சொல்லி அழைத்துப் பழகிய இருநூறு பேர்.

அப்போது பாறைகளின் பின்னிருந்து வில்லேந்திய மலைவீரர் நாற்பது பேர் எழுந்தனர். கீரன் வாளை உருவினான். லோகிதா அவர்கள் மொழியில் ஏதோ ஆணையிட்டாள். மறுபேச்சின்றி வில்லைக் கீழே போட்டு, நீண்ட கோல்களை எடுத்துக்கொண்டு சரிவின் அடிவாரத்துக்கு ஓடினார்கள்.

"யார் நீங்கள்?" என்றான் கீரன்.

"சென்ற மாதம் உங்கள் சேனாபதி எரித்த கோட்டையின் இளவரசி. அதில் வெந்தவர் என் தந்தை. உங்களை இந்தச் சரிவில் புதைக்கத்தான் அழைத்துவந்தேன். நேற்று மாலை மனம் கேட்கவில்லை, உண்மையைச் சொன்னேன். உங்களவர் நம்பவில்லை. மற்றதைப் பிறகு பேசலாம், அரை நாழிகைக்குப் பின் பனிக்கடியில் எவருக்கும் மூச்சிராது."

இருவரும் கோலால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துச் சென்றனர். ஓரிடத்தில் கோல் மெத்தென்று தடுத்தது. கீரன் கைகளால் பறித்தான். பொற்கடகம் அணிந்த முன்கை ஒன்று வெளிப்பட்டது. விரல்கள் அசைந்தன. படை முழுவதிலும் அந்தக் கடகத்தை அணிபவர் சேனாபதி ஒருவரே. லோகிதாவுக்கும் அது தெரியும்.

"இளவரசி, இவரை நான் எடுத்துக்கொள்கிறேன். தாங்கள் வேறிடம் பாருங்கள்."

அவள் அந்தக் கையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

"ஒருவராய்த் தோண்டினால் நேரமாகும்" என்று சொல்லி, அவன் எதிரே மண்டியிட்டுத் தோண்டத் தொடங்கினாள்.