மான்மேல் கிடந்த கிளை

ஞாயிற்றுக்கிழமையாவது வாசல்மணி அடிக்காமல் இருக்குமா என்ற ஆசையில் ஓர்ட்ரூட் கிளிங்ஹாமர் காபியைக் கையில் எடுத்தாள். மணி அடித்தது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

ஐஃபல் மலைப்பக்கம் வேட்டைக்காரர்களுக்குள் மூளும் சண்டைகள் எல்லாம் கடைசியில் அவளுடைய சமையலறைக்குத்தான் வந்து சேரும். மாவட்ட வேட்டை ஆலோசகர் என்று அவளுக்கு ஒரு பட்டம் உண்டு, சம்பளம் கிடையாது. அவள் துப்பாக்கி உரிமம் வாங்கிய காலத்தில் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இப்போது வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். ஆனாலும் காட்டில் ஏதாவது தப்பு நடந்தால், விரல் முதலில் நீளுவது பெண்ணைப் பார்த்துத்தான். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வந்தவள் மாரைக்கே எஸர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். போன மாதம்தான் வேட்டைத் தேர்வில் தேறியிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நான் சுடவே இல்ல மேடம். சுட்டேன்னு சொல்லி அனுமதிச் சீட்டைப் பிடுங்கிட்டாங்க. நாளைக்கு ஆபீசுக்கு எழுதிப் போடறாராம். போட்டா என் துப்பாக்கி உரிமமும் போயிடும்."

"யாரு, பல் டாக்டரா?"

"அவரேதான்."

டாக்டர் கிஸ்பெர்ட் ஃபோல்ராத் அந்தக் காட்டின் குத்தகைக்காரர். அவர் தரும் அனுமதிச் சீட்டின் தயவில் அங்கே வேட்டையாடுபவர்கள் மூன்று பேர்: கிழவர் ஏவால்ட், இறைச்சிக்கடை டோனி, புதிதாக மாரைக்கே.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்று மேசையின் மறுபக்கத்திலிருந்து ஆர்வமாகக் குனிந்தான் டில்மன். மாவட்ட அலுவலகத்துக் குமாஸ்தா, ஞாயிறென்றும் பாராமல் கையெழுத்து வாங்கக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தவன். இறைச்சியே தொடாதவனுக்கு வேட்டை வழக்கு என்றால் மட்டும் எங்கிருந்து இவ்வளவு பசி வருகிறதோ என்று ஓர்ட்ரூட் அலுத்துக்கொண்டாள்.

மாரைக்கே சொன்னாள். நேற்று அந்தி நேரத்தில் அவள் தன் பரணில் இருந்தாள். அவளுக்கு அனுமதி ஓர் இளம் பெட்டை மானுக்கு மட்டுமே. பக்கத்துப் புல்வெளியில் ஒரு வெடி கேட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். கோணல் கொம்புக் கலைமான் செத்துக் கிடந்தது, விலாவில் ஓக் கிளையோடு. ஆள் யாரும் இல்லை. அந்த மானை ஏவால்டே சுடட்டும், அதுதான் அவருடைய எழுபதாவது பிறந்தநாள் பரிசு என்று டாக்டர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"டாக்டருக்குப் போன் போட்டேன். மூணு பேரும் வந்தாங்க. வந்ததும் என்னைத்தான் திட்டினாரு. மத்தியானம் பெண்கள் குழுவோட சுடற பயிற்சிக்குப் போயிருந்தேன், அதனால துப்பாக்கியில வெடிமருந்து வாடை அடிச்சுது. அவங்க எல்லாருக்கும் அதே அளவுத் துப்பாக்கிதான். குண்டும் உடம்பைத் துளைச்சுட்டு மண்ணுக்குள்ள போயிடுச்சு."

"கள்ள வேட்டை" என்றான் டில்மன். "வெளியூர்க்காரன் எவனோ."

"கள்ளத்தனமா வந்தவன் மானுக்கு மரியாதை செஞ்சிட்டு மானை விட்டுட்டுப் போவானாப்பா? சுட்டவன் செத்த மிருகத்து மேல கிளை வைக்கறது எங்க வழக்கம். இது கை பழகிப்போன ஆள் செஞ்ச வேலை. அப்புறம் ஏதோ ஒண்ணு அவனை விரட்டியிருக்கு" என்றாள் ஓர்ட்ரூட்.

"என்னோட விளக்கு" என்றாள் மாரைக்கே. எடுத்து வைத்திருந்த படத்தைப் போனில் காட்டினாள்.

ஓர்ட்ரூட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மான் வலப்பக்கமாகக் கிடந்தது. கிளையின் இலை நுனி காதைப் பார்த்து நீண்டிருக்க, ஒடித்த முனை வால்பக்கம் இருந்தது.

"கிளையை எப்படி வைக்கணும்னு இவனுக்குச் சொல்லும்மா."

"ஆண் மானுக்கு ஒடிச்ச முனை தலைப்பக்கம். பெட்டைக்கு இலை நுனி தலைப்பக்கம்" என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவளைப்போல் ஒப்பித்தாள் மாரைக்கே. "தேர்வுல கேட்டாங்க."

"அப்போ இது தப்பாச்சே" என்றான் டில்மன். "சுட்டவன் பெட்டைன்னு நெனச்சிருப்பான்."

"கொம்பு அவன் மூக்குக்கு நேரா இருக்கு, பெட்டைன்னு நெனைப்பானா? வண்டிய எடு. காபி இன்னிக்கு எனக்கு விதிக்கல."

மாரைக்கேயையும் கூட்டிக்கொண்டு போனபோது, வேட்டைக் குடிலில் டாக்டர், ஏவால்ட், டோனி மூன்று பேரும் இருந்தார்கள். டாக்டர் கையில் ஏற்கனவே பீர் இருந்தது.

"எதுக்கு மேடம் உங்களுக்கு வீண் சிரமம். பொண்ணுங்க வரட்டும், வேணாங்கல. நானே தானே இவளைச் சேர்த்துக்கிட்டேன். ஆனா ஆசைய அடக்கத் தெரியணும். அந்தக் கிளையைப் பாருங்க, புத்தகத்துல போட்ட மாதிரி அவ்வளவு கச்சிதம். வகுப்பு முடிச்சு ஈரம் காயாதவங்கதான் இப்படி வைப்பாங்க."

ஏவால்ட் தன் காலணியைப் பார்த்தார். டோனி, சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தார். ஓர்ட்ரூட்டுக்குப் பாதிக் கதை அங்கேயே புரிந்துவிட்டது. மீதிப் பாதியை நினைக்கத்தான் எரிச்சலாக இருந்தது.

அவள் வெளியே போய் ஓர் ஓக் கிளையை ஒடித்து வந்தாள். பெஞ்சில் கிடந்த கம்பளியைச் சுருட்டி வைத்தாள்.

"இது ஆண் மான். தலை சுவர்ப்பக்கம். ஒவ்வொருத்தரா வந்து கிளையை வச்சிட்டுப் போங்க. மத்தவங்க வெளிய நில்லுங்க."

"சின்னப்புள்ள விளையாட்டு" என்று முனகினார் டாக்டர். ஆனால் முதல் ஆளாக அவர்தான் வந்தார். தொப்பியைக் கழற்றி, பூசை செய்வதைப்போல் கிளையை வைத்துவிட்டுப் போனார். பிறகு டோனி, பிறகு ஏவால்ட். ஒவ்வொன்றையும் டில்மன் படம் எடுத்தான். மூன்றாவது படத்தை எடுத்ததும் முதல் படத்தைத் திரும்பப் பார்த்தான்.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, படங்களை வரிசையாகக் காட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னய்யா, ரெண்டு பேரும் தலைகீழா வச்சிருக்கீங்க?"



"அவங்க ரெண்டு பேரும் சரி, டாக்டர்" என்றாள் ஓர்ட்ரூட். "நீங்க வச்சது பெட்டைக்கு வைக்கறது. நேத்து அந்த மான்மேல இருந்ததும் அதேதான். புதுசா தேறினவ இதைத் தப்பா வைக்க மாட்டா. அந்தக் கிளை கச்சிதம்னு சொன்ன ஒரே ஆளும் நீங்கதான்."

டாக்டர் ஏவால்டைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமா கிஸ்பெர்ட். குத்தகை எடுத்த நாள்லேருந்து அப்படித்தான் வைக்கறே."

"ஏன்யா யாரும் சொல்லல?"

"மொத வருஷம் சொல்லியிருக்கணும். அப்புறம் சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டோம்."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு மான் என்று நினைத்து அரை இருட்டில் சுட்டாராம். கிளையை வைத்த பிறகுதான் கோணல் கொம்பு கண்ணில் பட்டதாம். எழுபது வயதுக்காரருக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம். அந்த நேரத்தில் விளக்கு வெளிச்சம் வந்ததாம், பயந்து ஓடிவிட்டாராம்.

மாரைக்கே அவரைப் பார்க்கவில்லை. ஏவால்டின் எதிரே போய் நின்றாள்.

"உங்க பரிசு மானை யாரு சுட்டாங்கன்னு நேத்தே உங்களுக்குத் தெரியும். டோனிக்கும் தெரியும். என் சீட்டை அவரு பிடுங்கும்போது ரெண்டு பேரும் பக்கத்துல நின்னீங்க."

"இந்தக் காடு அவரு தயவும்மா" என்றார் ஏவால்ட். "எனக்கு இந்த வயசுல வேற காடு யாரு தருவாங்க?"

"எனக்கு மட்டும் யாரு தருவாங்களாம்?"

ஓர்ட்ரூட்டுக்கு டாக்டர்மேல் வந்த கோபத்தைவிட இந்த இரண்டு பேர்மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. அவர் பொய் சொன்னது பயத்தில். இவர்கள் மௌனத்துக்கு அந்தச் சாக்குகூடப் போதாது.

டாக்டர் அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "நடந்தது நடந்துபோச்சு. சனிக்கிழமை வா, மாரைக்கே. மன்னிச்சுக்கோ" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

மாரைக்கே சீட்டை வாங்கிக்கொண்டாள். நகரவில்லை.

"வருவேன். ஆனா நேத்து நீங்க என்னைத் திருடின்னு சொன்னது புல்வெளி தாண்டி ரோடு வரைக்கும் கேட்டுது டாக்டர். இப்போ சொன்னது எனக்கே கேக்கல."

டாக்டர் ஓர்ட்ரூட்டைப் பார்த்தார். ஓர்ட்ரூட் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் கேக்கல" என்றாள்.