விழாத அடி

நேற்று வரை ஆறு நிமிடம் பத்து விநாடி ஓடிய கடைசிப் பாட்டு, இன்று ஏழு நிமிடம் காட்டியது.

அவள் திரையை முறைத்தாள். அந்த ஆடியோ ஃபைலை யாரும் தொடவில்லை. மதியம் இரண்டு மணி. ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கும் சத்தமும், தலைக்கு மேலே மின்விசிறியின் முனகலும், சூடான கணினியின் வாடையும் அறையை நிறைத்திருந்தன. பயப்படுகிற நேரமே இல்லை. கோபப்பட மட்டும் அவளுக்கு நேரம் காலம் கிடையாது. தம்பி காணாமல் போனதிலிருந்து இருபத்தாறு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவில் இரைச்சல் நீக்குவது அவள் பிழைப்பு. நடிகர்களின் குரலுக்குப் பின்னால் கேட்கும் ஏசி உறுமல், நாற்காலிக் கிறீச்சல் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம்தான் அவன் இரண்டு வருடம் கணினியில் உருவாக்கிய எலக்ட்ரானிக் ஆல்பத்தை நீட்டினான். எட்டுப் பாட்டு. எட்டும் இரைச்சல்.

“மிக்ஸியில கூழாங்கல்லைப் போட்டு அரைச்சுட்டு ஆல்பம்னு பேர் வச்சிருக்கியா? இதை எவன்டா கேப்பான்?”

“உனக்குப் பிடிக்காத வரைக்கும் நல்லதுதான்க்கா.”

திமிர் என்று நினைத்தாள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். மறுநாள் காலை அவன் அறையில் செருப்பு இருந்தது, போன் இருந்தது, அவன் இல்லை.

தினமும் அம்மா போனில் அதே கேள்வி. “உங்கிட்டயாவது ஏதாச்சும் சொல்லிட்டுப் போனானாடி?”

விட்டுப் போனது இந்த எட்டுப் பாட்டுதான். அதில் துப்பு கிடைக்குமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். முதல் நாள் நாலே நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். ஐந்தாம் நாள், அந்தத் துருப்பிடித்த இரைச்சலுக்கு அடியில் ஒரு தாளம் நொண்டுவது பிடிபட்டது. ஆறு அடி விழும், ஏழாவது விழாது. பன்னிரண்டாம் நாள் அந்த விழாத அடிக்காகக் காத்திருந்தாள். இருபதாம் நாள் காய் நறுக்கும்போது கத்தி ஆறு முறை தட்டிவிட்டுத் தானாக நின்றது. பாட்டு பிடித்துப்போயிருந்தது. அதை ஒப்புக்கொள்வதுதான் எரிச்சலாக இருந்தது.

இன்று முளைத்திருந்த ஐம்பது விநாடியை ஓடவிட்டாள். இரைச்சலின் அடியாழத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

“அக்கா.”

“எங்கடா தொலைஞ்ச, கழுதை.” தெரிந்த வேலையைச் செய்தாள். உறுமலை எடுத்தாள். சீறலை எடுத்தாள். நொண்டும் தாளத்தையும் பிய்த்து வெளியே போட்டாள்.

குரல் பளிச்சென்று வந்தது.

“இரைச்சலை எடுக்காதக்கா. என்னைத் தேடி நடக்குறதுக்குத் தெரியாம அதுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கேன்.”

பிறகு ஒன்றுமில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். மின்விசிறி சுற்றியது. சத்தமில்லை. எதிர் ஜன்னலில் கைகள் பாத்திரம் தேய்த்தன. சத்தமில்லை. ‘டேய்’ என்று கத்தினாள். வாய் மட்டும் திறந்து மூடியது.

அப்போது கூடத்தில் கேட்டது. தரையில். வெறுங்கால்.

ஆறு அடி. நின்றது.

கதவருகே ஆறு அடி. நின்றது.

அறைக்குள் ஆறு.

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பழகிய காது மட்டும் ஏழாவதற்காகக் காத்திருந்தது.

விழுந்தது. அவள் தோளில்.